தாயும் மகனும்: தேவமாதா வணக்கத்தின் எல்லை



பதினாறாம் நூற்றாண்டின் மகா பண்டிதராகிய எராஸ்முஸ், 1526-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் உரையாடல் ஒன்றிலே, தேவமாதா தம் கைப்பட எழுதியதாக ஒரு நிருபத்தைக் கற்பித்துச் சேர்த்திருக்கிறார். லூத்தரின் கொள்கையைப் பரப்பிவந்த ஒருவருக்கு அது விடுக்கப்படுகிறது. அர்ச்சியசிஷ்டவர்களை நோக்கி மன்றாடுவது வீண் என்று ஜனங்களுக்கு உபதேசித்துத் தம் பாரத்தைக் குறைத்தமைக்காக அம்மனிதருக்கு நன்றி கூறித் தொடங்கும் அன்னை, அதுவரை தம்மிடம் வந்து குவிந்த விண்ணப்பங்களின் இலட்சணத்தை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். கூலிப்படையிற் சேர்ந்த சிப்பாய் தனக்கு நல்ல கொள்ளை கிடைக்க வேண்டுமென்கிறான்; சூதாடி, ஆட்டத்தில் வென்றால் ஆதாயத்தில் ஒரு பங்கு தருவதாகப் பேரம் பேசுகிறான்; ஸ்பெயினுக்குப் புறப்படும் வணிகன் தன் ஆசைநாயகியின் கற்பை அன்னையின் காவலில் ஒப்புவித்துப் போகிறான். மகனிடம் கேட்க வாய் கூசும் காரியங்களை யெல்லாம் தாயிடம் கேட்கிறார்கள் என்பது அவருடைய முறையீடு. இவ்வளவும் நகைச்சுவை. ஆனால் நிருபத்தின் இறுதியில் குரல் மாறுகிறது. பொன்னையும் மணியையும் என் மேனியிலிருந்து கழற்றிக்கொள்ளலாம். என்னைக் கோயிலைவிட்டு வெளியேற்ற நினைத்தால் என் கையிலிருக்கும் மகனையும் சேர்த்தே வெளியேற்ற வேண்டியிருக்கும், அவனை விட்டு நான் பிரியேன் என்ற கருத்துப்பட அன்னை எச்சரிக்கிறார்.

இங்கிலாந்திலே வால்சிங்கம் என்ற ஊரிலிருந்த பிரசித்தமான தேவமாதாவின் திருத்தலத்துக்கு 1512-இல் யாத்திரை சென்று, கிரேக்க மொழியிற் செய்யுள் இயற்றிக் காணிக்கையாக வைத்துவிட்டு வந்தவர் இந்த எராஸ்முஸ். மிகையை அவரைப்போல் எள்ளியவர் அரியர். அந்த மிகையைக் காரணமாகக் காட்டித் தாயையே தள்ளிவிடுவதற்கும் அவர் இசையவில்லை. அவர் காலமாகி இரண்டாண்டு கழிந்த 1538-இல் வால்சிங்கத்துத் திருவுருவம் அரசாங்க ஆணையால் அகற்றப்பட்டு எரிக்கப்பட்டது. அவர் எச்சரித்தபடியே, மடியிலிருந்த குழந்தையும் உடன் எரிந்தது.

தேவமாதாவுக்குச் செய்யும் வணக்கம் எவ்விடத்தில் மிகையாகிறது என்னும் வினாவே இன்றைய என் விஷயம். கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தச் சபையாருக்கும் இடையே நடந்துவரும் நெடுவழக்கிலே தீர்ப்புரைக்க நான் வரவில்லை. சரித்திரத்தைப் படிக்கும் மாணவன் என்ற முறையில், இவ்வழக்கில் இரு திறத்தாரும் போதிய அளவு கவனியாத ஒன்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

வேதாகமத்தில் மரியாளைப் பற்றிய செய்திகள் மிகச் சில. பவுலின் நிருபங்கள் அவர் பெயரைக் கூறுவதேயில்லை. கலாத்தியருக்கு எழுதியதில், தேவகுமாரன் ஒரு பெண்ணிடத்திற் பிறந்தார் என்ற அளவில் நிற்கின்றன. லூக்காவின் சுவிசேஷமே அவரைப்பற்றி விரித்துரைக்கிறது; அதே சுவிசேஷத்தில்தான், கூட்டத்திலிருந்த ஒரு பெண் இயேசுவைச் சுமந்த வயிற்றை வாழ்த்தியபோது, கடவுளின் வார்த்தையைக் கேட்டு அதன்படி நடப்போரே அதனினும் பாக்கியவான்கள் என்று அவர் மறுமொழி கூறியதும் வருகிறது. யோவானின் சுவிசேஷத்திலே, கானாவூர்க் கலியாணத்தில் பணியாளரை நோக்கி அன்னை கூறும் கடைசி வாக்கியம், மகன் சொல்வதையெல்லாம் செய்யுங்கள் என்பதாகும். அதற்குப் பின் அந்நூலில் அவர் பேசவில்லை. சிலுவையின் அடியிலும் பேசாமலே நிற்கிறார்.

இவ்வளவு சுருங்கிய வரலாற்றின்மேல் எழுந்த வணக்கம் முதன்முதலாக எல்லை கடந்ததென்று குற்றஞ்சாட்டப்பட்டது நான்காம் நூற்றாண்டிலே. சைப்பிரஸ் தீவில் சாலமிஸ் நகரத்து மேற்றிராணியாராயிருந்த எப்பிபானியுஸ் என்பவர், எண்பது பதிதங்களைத் திரட்டிக் கண்டிக்கும் பெருங்கிரந்தம் ஒன்றை 374-க்கும் 377-க்கும் இடையில் எழுதினார். அதில் எழுபத்தொன்பதாவதாக வருவது அரேபியாவில் வழங்கிய ஒரு பெண்கள் வழிபாடு. திரேஸ், சித்தியா முதலிய வடபுலங்களிலிருந்து அங்கே வந்து பரவியதாக அவர் கூறும் அவ்வழிபாட்டிலே, ஆண்டில் ஒரு குறித்த காலத்தில் பெண்கள் ஓர் ஆசனத்தை அலங்கரித்து, அதன்மேல் வெண்டுகில் விரித்து, அப்பம் படைத்து, மரியாளின் பெயரால் நிவேதித்து, பின்பு எல்லாரும் அதைப் பகிர்ந்து உண்பார்களாம். எப்பிபானியுஸின் தீர்ப்புத் தெளிவானது: மரியாள் மதிக்கப்படட்டும், ஆராதனை கடவுளுக்கே உரியது, மரியாளை ஒருவரும் ஆராதிக்கலாகாது. பின்வந்த பதினாறு நூற்றாண்டுகளில் இப்பொருள்பற்றிச் சபை கூறிய எதுவும் இதனினும் தெளிவாக இல்லை.

தீர்ப்புக் குறைவற்றதாயினும், அதற்கு அவர் காட்டும் நியாயங்கள் அவ்வளவு மெச்சத்தக்கன அல்ல. அவருடைய ஆத்திரத்தில் பாதி, வணங்கப்பட்டவர் பெண் என்பதைக் காட்டிலும் வணங்கியவர் பெண்கள் என்பதனால் எழுந்தது. பெண் குலத்தின் புத்தி சஞ்சலமானது, ஏமாறுவது என்று பக்கம் பக்கமாக அவர் வசைபாடுகிறார். அப்படி ஒரு தனிச் சபை உண்மையில் இருந்ததா, வேறோர் ஊரின் கிராம வழக்கத்தை அவர் பதிதமாகப் பெருக்கி எழுதினாரா என்று ஐயுறும் ஆராய்ச்சியாளர் உண்டு. இருந்ததென்றே கொண்டாலும், பலிபீடத்தருகே நிற்கவொட்டாமல் விலக்கப்பட்ட பெண்கள் தாமே ஓர் ஆசனமிட்டுத் தாமே அப்பம் படைத்ததில் மாதாவைத் தெய்வமாக்கும் சித்தாந்தத்தைக் காட்டிலும், தங்களுக்கும் ஓரிடம் வேண்டுமென்ற ஏக்கமே மிகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. அதே கிரந்தத்தில், இதற்கு நேர்முன்னர் எழுபத்தெட்டாவது பதிதமாக, மரியாளின் பெருமையைக் குறைத்துப் பேசியவர்களையும் அவர் கண்டித்திருக்கிறார். மிகையும் குறையும் அடுத்தடுத்த வீடுகளிற் குடியிருப்பவை என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஐம்பதாண்டுகள் சென்றபின் நடந்த எபேசு மகாசங்கத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 428-இல் கான்ஸ்டாண்டிநோபிளின் தலைமைப் பீடத்தில் அமர்ந்த நெஸ்தோரியுஸ், மரியாளைக் கடவுளின் தாய் என்னாமல் கிறிஸ்துவின் தாய் என்று கூறுவதே தகும் என்றார். அலெக்சாந்திரியாவின் சிரில் அதை எதிர்த்தார். 431-இல் கூடிய சங்கம் நெஸ்தோரியுஸைப் பதவியிறக்கிற்று. தீர்ப்பைக் கேட்ட நகரத்தார் தீவட்டி பிடித்து மேற்றிராணிமாரை விடுதிக்கு அழைத்துச் சென்றனர். அர்த்தேமிஸ் தேவதைக்குப் பெருங்கோயிலிருந்த ஊர் அது என்பதைக் கொண்டு, பழைய தெய்வமே புதுப் பெயர் பூண்டது என்று முடிவு கட்டுவோர் பலர். மலிவான முடிவு அது. சங்கத்தில் வாதிக்கப்பட்டது தாயின் பெருமையன்று. பிறந்த குழந்தை யார் என்பதே வாதம். குழந்தை கடவுளாயின் பெற்றவள் கடவுளின் தாய், அவ்வளவே. அப்பட்டம் மகனைப் பற்றிய விசுவாசப் பிரமாணமாக இடப்பட்டது. நாடுகடத்தப்பட்ட நெஸ்தோரியுஸ் எகிப்தில் இருந்து எழுதிய தன்னிலை விளக்கம் சிரியாக் மொழிபெயர்ப்பிலே தப்பிப்பிழைத்து 1910-இல் அச்சேறியபோது, அவர்மீது சாட்டப்பட்ட பதிதத்தை அவர் அவ்வளவு முழுமையாகக் கொண்டிருந்தாரா என்ற ஐயம் வலுத்தது. அது நிற்க.

மகனை விளக்குவதற்காகத் தாய்க்கு இடப்பட்ட பட்டம், மகனைத் தவிர்ப்பதற்கான வழியாக எப்போது மாறியது? இதற்கு விடைகாண, ஐரோப்பாவின் மத்திய கால ஆலயங்களின் தலைவாயிலிலே நிமிர்ந்து பார்க்க வேண்டும். அங்கே நியாயத் தீர்ப்பு நாளின் காட்சி கல்லிற் செதுக்கப்பட்டிருக்கும். நடுவே நியாயாதிபதியாகக் கிறிஸ்து வீற்றிருப்பார். ஒரு பக்கம் மோட்சம், மறுபக்கம் நரகத்தின் வாய். மகனின் அருகே, பாவிகளுக்காக மன்றாடும் பாவனையில் அன்னை. நாள்தோறும் அவ்வாயிலின்கீழ் நுழைந்த குடியானவனுக்குக் கிறிஸ்து என்றால் முதலில் நினைவுக்கு வந்தது தராசு. கலிலேயாக் கரையில் நோயாளிகளைத் தொட்டு நடந்த மனிதர் நினைவின் எங்கோ ஒரு மூலைக்குப் போய்விட்டார். மனிதருக்கும் கடவுளுக்கும் நடுவே நின்ற மத்தியஸ்தரை நியாயாசனத்தில் உயர்த்தி வைத்துவிட்ட பிறகு, அவரை அணுகுவதற்கு இன்னொரு மத்தியஸ்தர் தேவைப்பட்டார்.

அக்காலத்து ஐதிகங்களில் மிகப் பிரபலமானது தெயோபிலுஸின் கதை. சிலிசியா நாட்டில் அதானா நகரத்து ஆலயத்தின் காரியஸ்தன் அவன். பதவியிழந்த மனக்கசப்பிலே சாத்தானுடன் உடன்படிக்கை செய்து, கிறிஸ்துவையும் அவர் தாயையும் மறுதலித்து முத்திரையிட்டுக் கொடுத்துவிடுகிறான். பின்பு மனம் வருந்தியபோது தான் மறுதலித்த மகனிடம் போகத் துணியாமல், அதேபோல் தான் மறுதலித்த தாயிடம் போகிறான். அவர் சாத்தானிடமிருந்து அந்த முறியை மீட்டுவந்து அவன் மார்பின்மேல் வைக்கிறார். கிரேக்கத்தில் எழுந்து, ஒன்பதாம் நூற்றாண்டில் இலத்தீனுக்கு வந்து, பதின்மூன்றாம் நூற்றாண்டில் ருத்பெப் என்ற பிரெஞ்சுக் கவிஞனின் நாடகமாகி, பாரீஸ் நோத்ர் தாம் ஆலயத்தின் வடவாயிலிலே சிற்பமாகவும் நிலைத்த கதை இது. கதை உருக்கமானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இருவரையும் ஒருங்கே மறுதலித்தவன் ஒருவரிடம் மட்டும் மன்னிப்பை எதிர்பார்ப்பானேன் என்று யோசித்தால், மற்றவரைப் பற்றி அவன் என்ன எண்ணியிருந்தான் என்பது விளங்கும்.

இதைவிட வெளிப்படையான கதை ஒன்றுண்டு. பிரான்சிஸ்கு சபைச் சரித்திரங்களில் வழங்கி, பதினெட்டாம் நூற்றாண்டில் மறுபடி எடுத்துரைக்கப்பட்டது. சகோதரர் லியோ இரண்டு ஏணிகளைத் தரிசனத்திற் காண்கிறார். சிவந்த ஏணியின் உச்சியில் கிறிஸ்து நிற்கிறார். அதில் ஏறுவோர் சில படிகள் ஏறி விழுகிறார்கள். வெள்ளை ஏணியின் உச்சியில் அன்னை நிற்கிறார். அதில் ஏறுவோர் அனைவரும் சுகமாகப் போய்ச் சேர்கிறார்கள். நீதியின் இராச்சியம் மகனுக்கு, இரக்கத்தின் இராச்சியம் தாய்க்கு என்று பாகப்பிரிவினை செய்து பிரசங்கித்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் நாட்டுப்புறத்துப் பாமரர் அல்லர். சர்வகலாசாலைகளில் வேதசாஸ்திரம் கற்றவர்கள். தாவீதின் சங்கீதங்கள் நூற்றைம்பதிலும் ஆண்டவர் என்று வரும் இடங்களில் ஆண்டவள் என்று மாற்றியமைத்து ஒரு சங்கீதமாலை இயற்றப்பட்டு, பொனவெந்தூரின் பெயரால் நெடுங்காலம் வழங்கியது. அது அவர் செய்ததன்று என்று இப்போது கொள்கிறார்கள். அதை இயற்றியவர் எவராயினும், இலத்தீனிற் கை தேர்ந்தவர்.

நான் கூற வந்தது இதுதான். தாயின்மீது கொண்ட அன்பு அளவு மீறியதால் மிகை பிறந்தது என்று பொதுவாக எல்லாரும் கூறுவர்; பிடிக்காதவர்கள் கடிந்துகொள்கிறார்கள், பிடித்தவர்கள் மன்னித்துவிடுகிறார்கள். சான்றுகளைப் பார்க்கும்போது அன்பின் மிகுதியைக் காட்டிலும், மகனைப்பற்றிய அச்சத்தின் மிகுதியே அதற்குக் காரணமாகத் தெரிகிறது. தாயைப்பற்றிய பிழையாக நாம் கருதுவது, வேரில் மகனைப்பற்றிய பிழை. கத்தோலிக்க வேதசாஸ்திரிகள், கடவுளுக்கு ஆராதனை, அர்ச்சியசிஷ்டவர்களுக்கு வணக்கம், தேவமாதாவுக்கு மேலான வணக்கம் என்று மூன்று படிகளாக வகுத்து வைத்திருக்கிறார்கள். நுட்பமான வகுப்பு, 787-இல் கூடிய இரண்டாம் நீசேயா சங்கத்துக்குப் பின் அவசியமாகவும் இருந்தது. எனினும் முழந்தாளின் அளவையும் தூபத்தின் அளவையும் அது வரையறுக்குமே யன்றி, உள்ளத்தின் கற்பனையை வரையறுக்காது. மூன்று படிகளையும் வழுவாமற் காத்துக்கொண்டே, கடவுளைக் காட்டிலும் அவரைப் பெற்றவள் இரக்கமுள்ளவள் என்று ஒருவன் மனத்தில் நம்பியிருத்தல் கூடும். மிகை அங்கே நிகழ்ந்துவிடுகிறது. அவன் ஏற்றிய மெழுகுதிரியின் மேல் குற்றமில்லை.

இதற்கு எதிர்பாராத சாட்சியாக வருபவர் மார்ட்டின் லூத்தர். 1505-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள், ஸ்டொட்டர்ன்ஹைம் என்ற சிற்றூரருகே இடிமின்னலில் அகப்பட்டு, உயிர்பிழைத்தால் சந்நியாசியாவதாக அவர் பொருத்தனை செய்துகொண்டார். யாரை நோக்கிச் செய்தார் என்பது கவனிக்கத்தக்கது. கிறிஸ்துவை அவர் கூவியழைக்கவில்லை. அவர் தாயையும் அழைக்கவில்லை. தாயின் தாயாகிய அன்னம்மாளை அழைத்தார். சுரங்கத் தொழிலாளருக்குப் பாதுகாவலி அன்னம்மாள். லூத்தரின் தந்தை சுரங்கத் தொழிலில் இருந்தவர். ஆகவே அப்பெயர் நாவிற்கு முதலில் வந்தது இயல்பே. ஆயினும் மத்தியஸ்தருக்கு மத்தியஸ்தர், அவருக்கும் ஒரு மத்தியஸ்தர் என்று சங்கிலி எவ்வளவு நீண்டுவிட்டது பாருங்கள். இளமையில் கிறிஸ்துவை வானவில்லின்மேல் வீற்றிருக்கும் நியாயாதிபதியாகவே எண்ணி நடுங்கியதாகப் பிற்காலத்தில் அவரே பலமுறை கூறியிருக்கிறார். அந்த நடுக்கம் தீர்ந்தபின், 1521-இல், மரியாளின் துதிப்பாடலுக்கு அவர் எழுதிய வியாக்கியானத்தைப் படிப்பவர்கள், தேவமாதாவின் தாழ்மையை அவ்வளவு கனிவோடு பேசும் நூல்கள் கத்தோலிக்க உலகிலும் மிகுதியில்லை என்பதை ஒப்புக்கொள்வர். மகனைக் கண்டு அஞ்சுவது நின்றபோது, தாயை அவர் சரியான அளவில் நேசிக்க முடிந்தது.

மிகையைத் தடுத்தவர்கள் பெரும்பாலும் அன்னையின் பக்தர்களே என்பது இவ்விஷயத்தில் இன்னொரு சுவையான பகுதி. பெர்னார்து என்ற பன்னிரண்டாம் நூற்றாண்டு மடாதிபதியைப்போல் அன்னையைப் போற்றிப் பேசியவர் இலத்தீன் உலகில் இல்லை. கடவுளின் வரப்பிரசாதம் நம்மிடம் வந்து சேரும் கால்வாய் என்று அவரை வர்ணித்த பிரசங்கம் புகழ்பெற்றது. அவரே சுமார் 1140-இல், லியோன் நகரத்துக் குருக்கள் தேவமாதாவின் உற்பவத்துக்குப் புதிதாகத் திருநாள் கொண்டாடத் தொடங்கியதைக் கேள்வியுற்று, பொய்யான மகிமை எதுவும் அந்த இராக்கினிக்குத் தேவையில்லை, மெய்யான மகிமைகளே அவருக்கு நிரம்ப உண்டு என்ற கருத்தமைய ஒரு கண்டன நிருபம் விடுத்தார். ஜன்மபாவமின்றியே அன்னை உற்பவித்தார் என்னும் அமல உற்பவத்தைத் தோமாஸ் அக்குவினாரும் ஏற்கவில்லை. மரியாளுக்கும் இரட்சகர் தேவையாயிருந்தார் என்பதே அவருடைய நியாயம். பின்வந்த டன்ஸ் ஸ்கோத்துஸ், பாவத்தில் விழுந்தபின் தூக்கியெடுப்பதைக் காட்டிலும் விழாமலே காப்பது உயர்ந்த இரட்சிப்பு என்று வாதித்து வழி திறந்தார். தோமினிக்கு சபையாரும் பிரான்சிஸ்கு சபையாரும் இதன்பொருட்டு ஒருவரையொருவர் பதிதர் என்று தூற்றிக்கொள்ளவே, 1483-இல் நான்காம் சிக்ஸ்துஸ் பாப்பரசர் இரு திறத்தாரும் அப்படித் தூற்றலாகாதென்று தடை விதிக்க நேர்ந்தது. 1854-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ஒன்பதாம் பத்திநாதர் அதை விசுவாச சத்தியமாகப் பிரகடனம் செய்தபோது, அந்த வாசகத்தில் கிறிஸ்துவின் பேறுபலன்களை முன்னிட்டே அன்னை காக்கப்பட்டார் என்ற பகுதி இடம் பெற்றிருப்பதில், பெர்னார்தும் அக்குவினாரும் எழுப்பிய தடையின் தழும்பைக் காணலாம்.

பதினேழாம் நூற்றாண்டில் சண்டை தெருவுக்கு வந்தது. 1656-இல் பாஸ்கல் எழுதிய ஒன்பதாம் நாட்டுப்புற நிருபம், மாதாவின்மேல் எளிய பக்திகளைக் கற்பித்த ஒரு சேசுசபைக் குருவின் நூலைப் பரிகசிக்கிறது: இதயத்தைக் கொடுப்பது கடினமானால் கையில் செபமாலையைக் காப்பாக அணிந்துகொண்டாலே போதும் என்ற அளவுக்கு அந்நூல் மோட்சத்தை மலிவாக்கியிருந்தது. 1673-இல் கொலோன் நகரத்து நியாயவாதியாகிய ஆதாம் விடென்ஃபெல்ட், விவேகமற்ற தம் பக்தர்களுக்கு அன்னையே கூறும் புத்திமதிகள் என்று ஒரு சிறு நூலை கெந்து நகரில் வெளியிட்டார். எராஸ்முஸின் நிருபத்தைப்போல் இதிலும் பேசுபவர் அன்னைதான். பரிகாசம் மட்டும் இல்லை. மேற்றிராணிமார் சிலர் ஆதரித்தும், உரோமை அதை விலக்கப்பட்ட நூல்களின் அட்டவணையிற் சேர்த்துவிட்டது.

அதே காலத்தில் எதிர்த்திசையில் எழுந்த ஒரு நூலைப்பற்றித் தமிழராகிய நாம் அறிந்திருப்பது நல்லது. ஸ்பெயின் தேசத்து ஆகிரேதா நகரின் மரியாள் என்னும் கன்னியாஸ்திரீ, தேவமாதா தமக்கு வெளிப்படுத்தியதாக எழுதிவைத்த வாழ்க்கை வரலாறு அவர் மறைவுக்குப்பின் 1670-இல் அச்சாயிற்று. 1681-இல் உரோமை அதைத் தடை செய்து, ஸ்பெயின் அரசரின் வேண்டுகோளால் விரைவிலேயே தடையை நிறுத்திவைத்தது. 1696-இல் பாரீஸ் சர்வகலாசாலையின் வேதசாஸ்திரப் பீடத்தார், போசுவே முதலிய பேரறிஞர்களின் ஊக்கத்தினால், அதிலிருந்த மிகைக் கூற்றுகளைக் கண்டித்தனர். கண்டனம் வெளியாகி முப்பதாண்டு கழிந்து, 1726-இல், காவிரி நாட்டிலே வீரமாமுனிவர் இயற்றி முடித்த தேம்பாவணிக்கு மூலமாக அமைந்தது அந்த ஸ்பானிய நூலே. கோணான்குப்பத்தில் பெரியநாயகிக்கு ஆலயம் எடுத்து, திருக்காவலூர் அடைக்கல அன்னைமீது கலம்பகம் பாடிய முனிவர், 3615 விருத்தங்களைக் கொண்ட அப்பெருங்காப்பியத்துக்குத் தலைவனாகத் தெரிந்தெடுத்தது யாரை? அன்னையை மணந்த சூசையப்பரை. மாதாவின் மகிமைக்கென்றே எழுந்த மூலத்தைக் கையிற் கொண்டு, தச்சுத் தொழிலாளி ஒருவரை வளன் என்னும் பெயரில் நடுவில் நிறுத்தி, அன்னையை இல்லறத்தின் உள்ளே வைத்துப் பாடினார். பாரீஸ் பண்டிதர் கண்டனத்தாற் சாதிக்க முயன்றதைத் தமிழ்க் காப்பிய இலக்கணம் ஓசையின்றிச் செய்துவிட்டது என்பது என் சொந்த அபிப்பிராயம், மறுப்போர் மறுக்கலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் முராத்தோரி, லிகோரி வாதத்தைச் சுருக்கிக் கூறிச் செல்கிறேன். சரித்திராசிரியரும் குருவுமாகிய முராத்தோரி, 1747-இல், ஒழுங்கான பக்தி எது என்று ஒரு நூல் எழுதினார். அமல உற்பவத்துக்காக இரத்தம் சிந்தவும் துணிவோம் என்று சபதம் செய்துகொள்ளும் வழக்கத்தை அவர் முன்னரே எதிர்த்திருந்தார். 1750-இல் அல்போன்ஸ் லிகோரி தமது மரியாளின் மகிமைகள் என்ற நூலில் அவருக்கு மறுமொழி தந்தார். ஏணித் தரிசனத்தை மறுபடி சொன்ன நூல் இதுவே. முராத்தோரியின் நூல் தெளிவுடையது, ஆனால் குளிர்ந்தது. லிகோரியின் நூலை நேப்பிள்ஸ் நாட்டு ஏழைகள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். அவ்வேழைகளின் துயரைக் கேட்டறிந்தவர் அவர். முராத்தோரியைப் பாராட்டும் அறிஞர்கள் இதை மறந்துவிடுதல் ஆகாது.

இவ்வழக்கில் எனக்கு மிகப் பிடித்த நூல் நியூமன் 1866-இல் வெளியிட்ட நிருபம். ஆங்கிலச் சபையின் பூசி என்ற ஆக்ஸ்போர்டு பண்டிதர், நியூமனின் பழைய நண்பர், முந்திய ஆண்டில் இரு சபைகளின் சமாதானத்துக்கென்று ஒரு நூல் எழுதி, அதில் மாதாவைப்பற்றிக் கத்தோலிக்க ஆசிரியர்கள் எழுதிய மிகைக் கூற்றுகளைத் தொகுத்து வைத்து, இவையே எங்களைத் தடுக்கின்றன என்றார். 1845-இல் கத்தோலிக்கராகிவிட்ட நியூமன் என்ன செய்வார் என்று இரு தரப்பாரும் காத்திருந்தனர். அவர் முதலில் விசுவாசம் வேறு, பக்தி வேறு என்று பிரித்தார். விசுவாசம் எல்லார்க்கும் ஒன்று. பக்தி நாட்டுக்கு நாடு, ஆளுக்கு ஆள் மாறும். அடுத்து, யுஸ்தீன், இரேனேயு முதலிய ஆதிப் பிதாக்கள் மரியாளை இரண்டாம் ஏவாளாகக் கூறியதை விரித்து, தம் விசுவாசம் அதன்மேல் நிற்பதென்று காட்டினார். அதன்பின் பூசி தொகுத்த கூற்றுகளுக்கு வந்து, மகனைவிடத் தாய் இரக்கமுடையவர் என்பன போன்ற வாசகங்களைப் பூசியின் நூலிலேதான் தாம் முதன்முதலிற் கண்டதாகவும், அவை கெட்ட கனவுபோல் இருப்பதாகவும், அவற்றின் சொற்கள் தரும் நேர்ப்பொருளில் தாம் அவற்றை ஏற்க இயலாதென்றும் ஒளிவுமறைவின்றி எழுதினார். இலண்டனிலிருந்த ஃபேபர் போன்ற மதம்மாறிய ஆங்கிலர் சிலர் இத்தாலியரை விஞ்சும் பக்தியோடு அத்தகைய நூல்களை மொழிபெயர்த்துப் பரப்பியிருந்த காலம் அது. புதிதாக வந்தவர் பழையவரைக் காட்டிலும் உரக்கப் பாடுவதுண்டு. நியூமனும் புதிதாக வந்தவரே. ஆனால் அவர் ஆதிப் பிதாக்களின் வாசல் வழியாக வந்தவர்.

நியூமன் ஏட்டறிவாற் கண்டதை, அத்தகைய ஏட்டறிவு இல்லாத ஒரு பெண் தன்னியல்பாற் கண்டார். லிசியூ நகரத்துக் கார்மேல் மடத்தில் க்ஷயரோகத்தால் மரணப்படுக்கையில் இருந்த தெரேசம்மாள், 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தம் சகோதரிகளோடு பேசியவை குறித்துவைக்கப்பட்டிருக்கின்றன. தாம் குருவாக இருந்திருந்தால் மாதாவைப்பற்றி நன்றாகப் பிரசங்கித்திருக்கலாமே என்று அவர் ஏங்குகிறார். பிரசங்கிகள் அன்னையை எட்டமுடியாத உயரத்தில் வைக்கிறார்கள்; நம்மைப்போல் விசுவாசத்தினால் வாழ்ந்தவராகக் காட்டவேண்டும்; இராக்கினி என்பதைவிடத் தாய் என்பதே அவருக்கு உரியது; தன் பிள்ளைகளின் ஒளியை மங்கச் செய்கிற தாய் உண்டோ என்றெல்லாம் கேட்கிறார். இருபத்துநான்கு வயதில் இறந்த அவருக்கு 1997-இல் சபையின் வேதபாரகர் என்ற பட்டம் கிடைத்தது. எப்பிபானியுஸ் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் மாதாவைப்பற்றித் தனிச் சாசனம் வேண்டுமா, திருச்சபையைப்பற்றிய சாசனத்திலேயே ஓர் அத்தியாயமாகச் சேர்க்கலாமா என்ற கேள்வி எழுந்தது. தனியே வைக்கவேண்டும் என்று மணிலாவின் கர்தினால் சாந்தோஸும், சேர்க்கவேண்டும் என்று வியன்னாவின் கர்தினால் கேனிக்கும் வாதித்தனர். 1963 அக்டோபர் 29-இல் நடந்த வாக்கெடுப்பில் சேர்ப்பதற்கு 1114 பேரும், கூடாதென்று 1074 பேரும் வாக்களித்தனர். அச்சங்கத்தில் இவ்வளவு நெருக்கமான வாக்கெடுப்பு அரிது. அவ்வாறே எட்டாம் அத்தியாயமாகச் சேர்ந்த பகுதி, பொய்யான மிகையையும் குறுகிய மனத்தையும் ஒருங்கே விலக்கும்படி பிரசங்கிகளையும் வேதசாஸ்திரிகளையும் எச்சரிக்கிறது. எச்சரிக்கை யாருக்கு என்பதைக் கவனியுங்கள். யாத்திரிகருக்கன்று.

தோற்ற பக்கத்தாரின் ஆவல் அடங்கிவிடவில்லை. அன்னையை இணை இரட்சகி என்றும், சகல வரப்பிரசாதங்களுக்கும் மத்தியஸ்தி என்றும் விசுவாச சத்தியமாகப் பிரகடனம் செய்யவேண்டுமென்று 1990-களில் இலட்சக்கணக்கான கையொப்பங்களுடன் உரோமைக்கு மனுக்கள் போயின. மாதாவிடம் தம்மை முழுதும் ஒப்புக்கொடுத்ததைத் தம் விருதுவாக்காகவே வைத்துக்கொண்ட இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசரே அதற்கு இணங்கவில்லை. 2025 நவம்பர் 4-இல், பதினான்காம் லியோ பாப்பரசரின் அங்கீகாரத்தோடு, விசுவாசக் கோட்பாட்டுத் துறை வெளியிட்ட சித்தாந்தக் குறிப்பு, இணை இரட்சகி என்ற பட்டம் எக்காலத்தும் பொருத்தமற்றது என்று தீர்த்துரைத்தது. பிழையாக விளங்காதபடி மேன்மேலும் விளக்கிக்கொண்டே இருக்கவேண்டிய ஒரு சொல் விசுவாசிகளுக்குப் பயன்படாது என்பது அது காட்டிய காரணங்களில் ஒன்று. பக்தர்கள் சிலர் இதனால் வருந்தினர். அன்னையின் கிரீடத்திலிருந்து ஒரு மணி கழற்றப்பட்டதாகக் கருதினர். அக்குறிப்பை முழுதும் படித்துப் பார்த்தேன். எளியோர் அன்னையிடம் கொண்டுள்ள பக்தியை அது சபையின் பொக்கிஷமாகவே பேசுகிறது. அவர்களுடைய யாத்திரைகளையும் ஜெபமாலையையும் மெழுகுதிரியையும் அது தொடவில்லை. அது திருத்தியதெல்லாம் பண்டிதர்கள் தந்த பட்டங்களையே.